நான்காவது ஓட்டத்தில் தெரிந்த சோகை: கடலூர் ஓட்ட வீராங்கனை ஒருவரின் நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்ட பெண்ணும் அவருடைய தாயும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். ஆட்கள், குப்பம், பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியை. 2017 ஜூலையில்தான் இந்தப் பயிற்சிக் குழுவோடு சேர்ந்தேன். அதற்கு முந்தைய விவரங்கள் பயிற்சியாளரின் குறிப்பேட்டிலிருந்தும், வீட்டார் சொன்னதிலிருந்தும் எடுத்தவை.

பின்னணி

கடலூர் முதுநகர் துறைமுகத்தை நம்பியிருக்கும் மீனவர் குடும்பம். அப்பா விசைப்படகில் பங்குக்குப் போகிறவர், சொந்தப் படகு கிடையாது. அம்மா விடியற்காலையில் ஏலத்தில் மீன் எடுத்து, திருப்பாதிரிப்புலியூர் பக்கம் தெருத்தெருவாக விற்பவர். இந்த வீராங்கனைக்கு ஒரு தம்பி. எட்டாம் வகுப்பில் குறுவட்டப் போட்டியில் வெறுங்காலோடு 100 மீட்டர் ஓடியபோதுதான், ஓய்வுபெற்ற பழைய ஓட்டக்காரரான பயிற்சியாளரின் கண்ணில் பட்டார். பிள்ளைகள் அவரை 'மாஸ்டர்' என்பார்கள். காசு வாங்காமல் மாலை நேரங்களில் மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கிலும், மணல் பயிற்சி வேண்டும்போது தேவனாம்பட்டினம் கடற்கரையிலும் ஓடவைப்பவர்.

மாஸ்டரிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எந்தப் பயிற்சியானாலும் ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் தேதி போட்டு எழுதிவைப்பார். சிறந்த நேரத்தை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம். இந்த நிகழ்வில் விடை கிடைத்ததே அந்தக் குறிப்பேட்டில் இருந்துதான்.

ஏறுமுகம்: 2014 முதல் 2016 வரை

இரண்டு வருட முன்னேற்றத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒன்பதாம் வகுப்பில் மாவட்டத்தில் இரண்டாமிடம். பத்தாம் வகுப்பில், 2016-ல், வருவாய் மாவட்ட அளவில் 100 மீட்டரில் 12.3, 200 மீட்டரில் 25.6, இரண்டிலும் முதலிடம். பிறகு மாநில அளவிலான குடியரசு தின தடகளப் போட்டியில் 12.58, 25.94. அதிலும் இரண்டு தங்கம். குப்பத்தில் பேனர் கட்டினார்கள். எடை 47 கிலோ.

இந்த நேரங்களைப் படிக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாவட்டப் போட்டியில் கையில் பிடித்த ஸ்டாப்வாட்ச், மாநிலப் போட்டியில் மின்னணு நேரக்கணிப்பு. துப்பாக்கிச் சத்தம் கேட்டு மனிதன் பொத்தானை அழுத்துவதற்குள் கொஞ்சம் நேரம் ஓடிவிடும். அதனால் கைக்கணிப்பில் நேரம் குறைவாகவே வரும். 100, 200 மீட்டர் ஓட்டங்களின் கைநேரத்தோடு 0.24 வினாடி கூட்டி மின்னணு நேரத்தோடு ஒப்பிடுவது வழக்கம். அப்படிப் பார்த்தால் 12.3 என்பது 12.54. அதாவது மாவட்டத்திலும் மாநிலத்திலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் ஓடியிருக்கிறார். வீட்டில் இதை யாரும் விளக்கவில்லை. அவர்கள் மனதில் '12.3 ஓடும் பொண்ணு' என்றே பதிந்துபோனது.

2017 கோடை

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிந்ததும் ஏப்ரலில் கோடைப் பயிற்சி தொடங்கியது. காலை, மாலை என இரண்டு வேளை. தேசிய அளவில் பதக்கம் எடுத்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம், பிறகு அரசு வேலை என்று கணக்கு போட்டிருந்தார்கள். தவறான கணக்கு இல்லை. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

அதே ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலமும் தொடங்கியது. கிழக்குக் கடற்கரையில் அதுவரை 45 நாளாக இருந்த தடை, தமிழ்நாட்டில் அந்த ஆண்டுதான் 61 நாளாகி ஜூன் 14 வரை நீண்டது. விசைப்படகுக் கூலிக் குடும்பத்துக்குத் தடைக்காலம் என்றால் வருமானம் நிற்பது மட்டுமல்ல, சட்டியில் மீனும் நின்றுவிடும். நிவாரணத் தொகை கடனுக்கும் அரிசிக்கும் போய்விடும். மற்ற நாட்களில் விற்றது போக மிஞ்சும் மத்தியோ சங்கராவோ தினமும் குழம்பில் இருக்கும். அந்த இரண்டு மாதம் ரசம், மோர், ஊறுகாய்தான். பள்ளி விடுமுறை என்பதால் சத்துணவு முட்டையும் கிடையாது. பயிற்சி உச்சத்தில் இருந்த அதே வாரங்களில் தட்டு காலியாகிக்கொண்டிருந்தது.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. முகாமுக்கு வந்த மூத்த வீரர் ஒருவர், "கொஞ்சம் கனம் குறைச்சா 12-க்குள்ள போயிடலாம்" என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். இவர் அதைப் பிடித்துக்கொண்டு இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டார். தம்பிக்குக் கூடக் கொஞ்சம் கிடைக்கட்டும் என்ற எண்ணமும் இருந்ததாகப் பின்னாளில் சொன்னார்.

ஜூன் கடைசியில் சென்னையில் நடந்த ஒரு திறந்த போட்டியில் 100 மீட்டர் 12.66, 200 மீட்டர் 27.05. இரண்டும் மின்னணு நேரம். வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆனது. 12.3 எங்கே, 12.66 எங்கே? வெளியே சொன்ன காரணங்கள் பல: தலைக்கனம், போன் பார்க்கிறாள், வயசுக்கு வந்த பெண் உடம்பு அப்படித்தான். மாஸ்டர் அவற்றை நம்பவில்லை. 200 மீட்டரின் பின்பாதியில் துவண்டதைப் பார்த்து 'ஸ்டாமினா' குறைவு என்று முடிவுசெய்து, வாரத்தில் மூன்று நாள் கடற்கரை மணலில் 5 கிலோமீட்டர் ஓட்டத்தைச் சேர்த்தார். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அது நியாயமான முடிவுதான். மூன்று வாரத்தில் நிலைமை மோசமானது. வலது கீழ்க்காலின் உள்பக்க எலும்பில் வலி வந்தது.

குறிப்பேடு சொன்னது

நான் சேர்ந்தபோது மாஸ்டர் குறிப்பேட்டைக் கையில் கொடுத்து, "நீங்களும் ஒரு தடவை பாருங்க டீச்சர்" என்றார். முதலில் நேரங்களை ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தோம். 100 மீட்டர் 12.54, 12.58, 12.66. சரிவு பத்தில் ஒரு வினாடிதான். 200 மீட்டரிலோ 25.94-லிருந்து 27.05. ஒரு வினாடிக்கும் மேல். வீட்டார் பயந்தது 100 மீட்டருக்காக. அதில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்டாப்வாட்ச் காட்டிய மாயம். உண்மையான சரிவு 200-ல் இருந்தது.

அடுத்து 150 மீட்டர் திரும்பத்திரும்ப ஓடும் பயிற்சி. நான்கு ஓட்டம், இடையில் 8 நிமிட ஓய்வு. 2016 செப்டம்பரில்: 19.6, 19.8, 19.9, 20.3. 2017 ஜூலையில்: 19.8, 20.5, 21.6, 23.0.

முதல் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். நான்காவதில் வேறு ஆள் ஓடுவது போல இருக்கிறது. இதன் பின்னே உடலியல் இருக்கிறது. ஒரு 100 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் பெரும்பங்கு தசையில் ஏற்கெனவே இருக்கும் பாஸ்போகிரியேட்டின் என்ற ஆற்றல் சேமிப்பிலிருந்தும், ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைப்பதிலிருந்தும் வருகிறது. இரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுவருவதற்குள் ஓட்டம் முடிந்துவிடும். ஆனால் செலவான கையிருப்பை ஓய்வு நேரத்தில் நிரப்புவது ஆக்சிஜன்தான். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் குறைந்தவருக்கு முதல் ஓட்டம் தப்பிக்கும், மூன்றாவதும் நான்காவதும் காட்டிக்கொடுக்கும். குறுந்தூர ஓட்டக்காரருக்குச் சோகை இருந்தால் 'பெஸ்ட் டைம்' அதை மறைத்துவிடுகிறது என்பதுதான் இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது.

மாஸ்டர் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லும் கதை ஒன்று உண்டு. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42, வெண்கலம் பெற்றவர் 55.41. கோட்டில் நெஞ்சைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்வார். அதே உஷா பின்னாளில், ஒலிம்பிக் கிராமத்து உணவு ஒத்துக்கொள்ளாமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டு ஓடியதாகவும், கடைசி 35 மீட்டரில் தெம்பு இல்லாமல் போனதாகவும் சொல்லியிருக்கிறார். நம் ஊர் மைதானங்களில் கதையின் முதல் பாதிதான் சொல்லப்படுகிறது.

பிறகு கவனித்தவை

நேரங்களை விட்டு ஆளைப் பார்த்தோம். கண்ணின் கீழிமை உள்பக்கம் வெளுத்திருந்தது. எடை 44 கிலோ. பயிற்சிப் பையில் ஒரு சின்ன டப்பாவில் பச்சரிசி. சும்மா இருக்கும்போதெல்லாம் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பார். தோழிகள் "கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டப் போவுது" என்று கேலி செய்வார்கள். நம் வீடுகளில் அது கேலியோடு முடிந்துவிடும். இரும்புச்சத்துக் குறைவில் அரிசி, மண், சாம்பல், ஐஸ் என்று தின்னும் ஆசை வருவது மருத்துவம் நன்றாக அறிந்த அறிகுறி.

காலில் வலித்த இடத்தை விரலால் அழுத்திப் பார்த்தபோது எலும்பில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் துள்ளினார். ஒற்றைக் காலில் குதிக்கச் சொன்னால் அதே இடம். எலும்பின் நெடுகப் பரவலாக வலிப்பது வேறு, ஒரு புள்ளியில் குத்துவது வேறு. இரண்டாவது என்றால் ஓட்டத்தை உடனே நிறுத்தியாக வேண்டும்.

மாதவிலக்கு பற்றி ஓய்வறையில் தனியாகக் கேட்டேன். தயங்காமல் சொன்னார்: "அஞ்சு மாசமா வரல மிஸ். நல்லா பிராக்டீஸ் பண்ணா நின்னுடும்னு அக்காங்க சொன்னாங்க." அது நல்ல அறிகுறி என்றே நினைத்திருந்தார். அதுவரை யாரும் கேட்கவில்லை என்பதில் வியப்பில்லை. மாஸ்டர் ஆண், அம்மாவோ விடியுமுன் ஏலத்துக்குப் போய் மதியம் திரும்புகிறவர்.

மருத்துவமனையும் வீடும்

பெண் மருத்துவர் ஒருவரிடம் தாயோடு போனோம். மாதவிலக்கு நின்ற எந்தப் பெண்ணுக்கும் முதலில் செய்வது கர்ப்பப் பரிசோதனை. தைராய்டு, புரோலாக்டின் போன்ற ஹார்மோன் பரிசோதனைகள் எல்லாம் அதற்குப் பிறகுதான். இது மருத்துவர்களுக்கு அன்றாடம். சீட்டில் கர்ப்பப் பரிசோதனை என்று இருந்ததைப் படித்த லேப் ஊழியர், அதைக் கூட்டத்தின் நடுவில் சொல்லிவிட்டார். தாய் எழுந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். "ஓட விட்டதுக்கு இந்தப் பேரா டீச்சர்? ஊருக்கு நான் என்ன பதில் சொல்றது?"

இந்த நிகழ்வு அங்கேயே முடிந்திருக்கக்கூடும். மருத்துவர் தாயை மட்டும் உள்ளே அழைத்து, திருமணமான பெண்ணானாலும் கன்னிப் பெண்ணானாலும் இதே வரிசையில்தான் பரிசோதனை செய்வோம், இல்லாததை இல்லை என்று எழுதிவிட்டால்தான் அடுத்ததைத் தேட முடியும் என்று நிதானமாக விளக்கினார். பெண்ணைத் தனியாக அழைத்தும் பேசினார். அன்று தாய் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை அவரே வந்து, "எடுத்துடலாம்" என்றார். என்ன நினைத்து மனம் மாறினார் என்று நான் கேட்கவில்லை.

முடிவுகள்: கர்ப்பம் இல்லை, தைராய்டு சரி, ஹீமோகுளோபின் 9.4 கிராம். பெண்களுக்கு 12-க்குக் கீழே போனாலே சோகை. உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 6. விளையாட்டு மருத்துவத்தில் 30-க்குக் கீழே என்றாலே எச்சரிக்கை. எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. அழுத்த முறிவின் (திரும்பத்திரும்ப விழும் அழுத்தத்தால் எலும்பில் வரும் விரிசல்) தொடக்கம் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எழுதினார். பழைய மாணவர்கள் சிலர் பணம் போட்டார்கள். கீழ்க்கால் எலும்பில் முறிவுக்கு முந்தைய நிலை தெரிந்தது.

உணவு ஆலோசகர் போட்ட கணக்கு எளிமையானது. தடைக்கால உணவு நாளைக்குச் சுமார் 1,400 கலோரி. பயிற்சிக்குச் சுமார் 600 போனால் மிச்சம் 800. கொழுப்பு நீங்கிய உடல் எடை ஏறக்குறைய 37 கிலோ. கிலோவுக்கு 22 கலோரி கூட வரவில்லை. 30-க்குக் கீழே போனால் உடல் தன் செலவைச் சுருக்கத் தொடங்கும், 45 இருந்தால் நல்லது. அப்படிச் சுருக்கும் உடல் முதலில் மாதவிலக்கை நிறுத்தும், எலும்பு கட்டுவதைக் குறைக்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ல் விவரித்த ஆற்றல் பற்றாக்குறை நிலைதான் இது. மேல்தட்டு விளையாட்டு நாடுகளின் நோய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குச் சோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) சொல்லும் நாட்டில், இது நம் மைதானத்து நோய்தான்.

எடுத்த முடிவுகள்

பெரிய முடிவு, 2017–18 பருவத்தில் எந்தப் போட்டியும் இல்லை என்பது. மாஸ்டர் மாவட்டப் போட்டியையாவது ஓடவைக்க விரும்பினார். பெயர் மறந்துபோகும் என்ற அவர் பயம் பொய்யில்லை. ஆனால் எலும்பு முழுதாக உடைந்தால் இரண்டு பருவம் போகும். அந்த ஆண்டுதான் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. அது எங்களுக்குச் சாதகமாக அமைந்தது. 'படிக்கிறா' என்று சொன்னால் ஊரில் யாரும் மேலே கேட்கமாட்டார்கள்.

எட்டு வாரம் ஓட்டம் அறவே கிடையாது. சைக்கிள், இடுப்பு, தொடை வலுப்பயிற்சி மட்டும். வலியில்லாமல் குதிக்க முடிந்த பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் மெல்லோட்டம், புல்தரையில். மணல் ஓட்டம் நிறுத்தப்பட்டது.

இரும்பு மாத்திரையில் முதல் வாரமே வயிற்று வலி வந்து, இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் விட்டுவிட்டார். மருத்துவர் ஒருநாள் விட்டு ஒருநாளாக மாற்றினார். அப்படிக் கொடுத்தால் உடல் ஏற்பதும் நன்றாக இருக்கிறது. காலையில் எலுமிச்சைச் சாறோடு மாத்திரை, டீ ஒரு மணி நேரம் கழித்துத்தான். டீயைத் தள்ளிவைப்பதுதான் வீட்டில் பெரிய போராட்டமாக இருந்தது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையைப் பல மாணவிகள் ஜன்னல் வழியே எறிவதும் அப்போதுதான் தெரியவந்தது. இவரும் எறிந்தவர்தான். குடற்புழு மாத்திரையும் கொடுக்கப்பட்டது.

சாப்பாட்டில் விலை உயர்ந்தது எதையும் சேர்க்கவில்லை. பயிற்சிக்கு முன் வாழைப்பழமும் கடலைமிட்டாயும். முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், அவித்த முட்டை. மாலையில் சுண்டல். இரவுச் சாப்பாடு கட்டாயம். பவுடர் டப்பா வாங்கித் தருகிறேன் என்று வந்த உடற்பயிற்சிக்கூடக்காரரை மாஸ்டரே திருப்பி அனுப்பினார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத டப்பாவில் தடைசெய்யப்பட்ட மருந்து கலந்திருந்தாலும் பழி குடித்தவர் மீதுதான். உறவினர் ஒருவர், போட்டிக்கு முந்தைய நாள் இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் போதுமே என்றார். மருத்துவமனை சிகிச்சைக்கான தேவை இல்லாமல் 12 மணி நேரத்தில் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பில் ஏற்றுவதே ஊக்கமருந்து விதிகளில் குற்றம். ஊரில் இது பலருக்கும் தெரியாது.

தொடர்ந்து நடந்தவை

நவம்பரில் மாதவிலக்கு திரும்பியது. பிப்ரவரியில் ஹீமோகுளோபின் 12.1, ஃபெரிட்டின் 34, எடை 48. நான்கு 150 மீட்டர் ஓட்டங்கள்: 19.9, 20.0, 20.2, 20.5. முதல் ஓட்டம் 2016-ஐ விட மெதுவானது, நான்காவது கிட்டத்தட்ட அதே. மாஸ்டர் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிவப்பு மையால் அடிக்கோடிட்டார்.

2018 தடைக்காலத்தில் பயிற்சியைப் பாதியாகக் குறைத்து, முட்டையும் கூழும் மைதானத்திலேயே கொடுத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் மாநில அளவில் 100 மீட்டரில் நான்காமிடம், 200 மீட்டரில் 25.41-ல் இரண்டாமிடம். தங்கம் திரும்பவில்லை. அவர் ஓடாத பருவத்தில் வேறு ஊர்ப் பெண்கள் வேகமாகிவிட்டார்கள். ஆனால் 200-ன் பின்பாதி இப்போது அவருடைய பலம். அதைப் பார்த்துதான் 400 மீட்டருக்கு மாறச் சொன்னார் மாஸ்டர்.

2019-ல் விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னைக் கல்லூரியில் சேர்ந்தார். 2020 ஊரடங்கு எல்லோரையும் போல இவரையும் வீட்டில் உட்காரவைத்தது. திரும்பியபின் 400 மீட்டரில் 56 வினாடியைத் தொட்டார், பல்கலைக்கழகத் தொடர் ஓட்ட அணியில் பதக்கம் பெற்றார். விடுதியில் ஒருமுறை மாதவிலக்கு இரண்டு மாதம் தள்ளிப்போனபோது யாரும் சொல்லாமல் தானே போய் ஃபெரிட்டின் பார்த்திருக்கிறார். 18 இருந்தது, மாத்திரை தொடங்கினார். இந்திய அணிக்குப் போகவில்லை. இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அரசு வேலையில் இருக்கிறார். துறைப் போட்டிகளில் மட்டும் ஓடுகிறார்.

மாறியதும் மாற வேண்டியதும்

எங்கள் குழுவில் கைநேரம், மின்னணு நேரம் என்று தனித்தனிப் பத்தி வந்துவிட்டது. பெற்றோரிடம் சொல்லும்போதும் பிரித்தே சொல்கிறோம். திரும்பத்திரும்ப ஓடும் பயிற்சியில் முதல் நேரத்துக்கும் கடைசி நேரத்துக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தை விடக் கூடினால், ஓட்டத்தைக் கூட்டுவதற்கு முன் சாப்பாட்டை விசாரிக்கிறோம். மாணவிகளின் மாதவிலக்குத் தேதியை நானோ வேறொரு ஆசிரியையோ மட்டும் குறித்துவைக்கிறோம். அந்தக் குறிப்பு ஆண்களின் கைக்குப் போகாது. எடையைப் பற்றி யாரும் பிள்ளைகளிடம் நேரடியாகப் பேசக்கூடாது என்று விருந்தாளியாக வரும் மூத்தவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள்.

மருத்துவமனைக்குப் போகும் முன்பே எந்தெந்தப் பரிசோதனை இருக்கும், ஏன் என்று தாயிடம் வீட்டிலேயே சொல்லிவிடுகிறோம். கர்ப்பப் பரிசோதனையின் பெயரையும் மறைப்பதில்லை. அதற்குப் பிறகு கூட்டிப்போன இரண்டு மாணவிகளின் வீட்டில் அந்தச் சிக்கல் வரவில்லை.

ஹீமோகுளோபின் பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஃபெரிட்டினுக்கு வெளி லேப்தான். அதற்கு நிரந்தர ஏற்பாடு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மைதானத்தில் காலை உணவு கொடுக்க ஒவ்வொரு ஆண்டும் பழைய மாணவர்களிடம்தான் கையேந்துகிறோம். கோடை முகாமைத் தடைக்காலம் முடிந்தபின் தள்ளிவைக்கலாம் என்றால், குறுவட்டப் போட்டிகளுக்கு முன் போதிய நாள் கிடைக்காது என்று மாஸ்டர் சொல்கிறார். அந்த விவாதம் எங்களுக்குள் இன்னும் முடியவில்லை.